சுவரில் ஒரு பெருக்கல் குறி

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாத்தியாருக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. பின்னால் மனைவி இறங்கினாள். அரைகுறையாக நிற்கும் தங்கள் வீட்டைப் பார்க்க அவள் வருவது இதுதான் முதல் தடவை. "சமையலறைச் சுவர் எழும்பட்டும், அப்புறம் வரேன்" என்று பிடிவாதமாக இருந்தவள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அரசாங்க வீட்டு வசதி நிறுவனத்தின் பயிற்சிக் கூடத்தில் காலமெல்லாம் கொத்து வேலை சொல்லிக் கொடுத்தவர் அவர். குடியிருந்ததோ நிறுவனத்தின் ஒழுகல் குவார்ட்டர்ஸில். ஓய்வுக்கு முன்னால்தான் மனை ஒதுக்கினார்கள். மழைக்காலத்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும்.

பயிற்சிக் கூடத்தில் எந்தச் சுவருக்கும் ஆயுசு கிடையாது. மண்ணைக் குழைத்துத்தான் கட்டுவார்கள். வாத்தியார் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். திருப்தி என்றால் சட்டைப்பையிலிருந்து கரித்துண்டை எடுத்துப் பெருக்கல் குறி ஒன்று போடுவார். பார்த்தாயிற்று, இடிக்கலாம் என்று அர்த்தம். அடுத்த கோஷ்டிக்குச் செங்கல் வேண்டுமே! கோணல் சுவர் மட்டும் திட்டு வாங்கிக்கொண்டு இன்னொரு நாள் நிற்கும்.

வீட்டுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சமையலறைப் பக்கம் வெட்டவெளியாகக் கிடந்தது. அவரிடம் படித்த கொத்துக்காரப் பெண்கள் இருவர் செங்கல்லைச் சுரண்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சுவர் எங்கம்மா?"

"இடிச்சாச்சு சார்" என்றாள் மூத்தவள். "காலையில வந்ததும் குறியைப் பார்த்தோம். சாந்து இன்னும் இறுகல. ஒரு கல்லுகூட உடையல சார்."

நேற்று சாயங்காலம் நினைவுக்கு வந்தது. தூக்குக்குண்டின் நூல் சுவரை ஒட்டி நேராக நின்றதும் மனசு குளிர்ந்துவிட்டது. கை அதுபாட்டுக்குப் பைக்குள் போயிருக்கிறது.

"என் வீட்டுச் சுவரும்மா. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"தள்ளிக் கட்டச் சொல்றீங்களோன்னு நெனச்சோம். நீங்க குறி போட்டா என்னைக்கு சார் கேட்டிருக்கோம்?"

யாரைத் திட்டுவது? செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். மழைக்கு முன்னால் கூரை போட்டுவிடலாம் என்று நேற்று வரை ஒரு நப்பாசை இருந்தது. இனி அதுவும் இல்லை. அழுகை முட்டியது, அழவும் தெம்பில்லை. மனைவி ஏதாவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது.

அவள் சுவர் நின்ற இடத்தைத் தாண்டி வெளியே போனாள். அதே வழியாகத் திரும்பி வந்தாள்.

"அந்தக் கரியைக் குடுங்க."

கொடுத்தார். கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு அடுக்கிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்தாள்.

"ஊற வெக்காம கட்டக் கூடாதுன்னு தூக்கத்துலகூடப் பொலம்புவீங்களே. தொட்டி எங்க இருக்கு?"

இளையவள் கை காட்டினாள். மனைவி குனிந்து செங்கல்லைத் தண்ணீருக்குள் விட்டாள். அது அடியில் போய் உட்கார்ந்து, குமிழி குமிழியாக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது.