மண்ணில் இறங்கிய நாள்

"போன மாசத்துல எத்தனை நாள் சரியாத் தூங்காம இருந்தீங்க?"

ஒரு நாளைக்கு இருபது தாய்மாரிடமாவது அவள் இதைக் கேட்பாள். அணு உலை வெடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கைக்குழந்தையோ சிறுபிள்ளையோ உள்ள தாய்மாரின் மனநிலையைத் தொலைபேசியில் விசாரிக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அச்சடித்த தாளில் பத்துக் கேள்விகள். அதில் இருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும்; சொந்தக் கதை பேசக் கூடாது.

சொந்தக் கதையோ வண்டி வண்டியாக இருந்தது. மூன்று வயது மகள் வாண்டை உலை வெடித்த பிறகு அவள் மண்ணில் இறக்கிவிட்டதே இல்லை. ஜன்னலைத் திறப்பதும் இல்லை. "கதிர்வீச்சு அளவு குறைஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டாங்கல்ல, இன்னும் எத்தனை நாளைக்குப் பிள்ளையை அடைச்சு வைப்ப?" என்பான் கணவன். "அன்னிக்கும் அவங்கதானே பயமில்லன்னு சொன்னாங்க?" என்பாள் அவள். அத்தோடு ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அன்று மறுமுனையில் பேசியவள் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய். தூக்கத்தைப் பற்றிக் கேட்டதும் பெருமூச்சு விட்டாள்.

"எங்கங்க தூக்கம்? ஆமா, கேட்டுக்கிட்டே இருக்கீங்களே, உங்களுக்குக் குழந்தை இருக்கா?"

பதில் சொல்லக் கூடாது. "இருக்கு" என்று வாய் முந்திக்கொண்டது.

"வெளியில விடுறீங்களா?"

"இல்லங்க. செருப்பைக்கூட மூணு தடவை கழுவுறேன்."

"மூணுதானா? நான் அஞ்சு!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு பாதியிலேயே கேள்வி கேட்டவளுக்கு அழுகையாகிவிட்டது.

பேச்செல்லாம் பதிவாகும். மேற்பார்வை செய்யும் அக்கா கூப்பிட்டனுப்பியதும் வேலை போயிற்று என்றே நினைத்தாள். அக்கா கதவைச் சாத்திவிட்டு அதே தாளை எடுத்தார்.

"உட்காரு. இன்னிக்கு நான் கேக்குறேன், நீ சொல்லு."

பத்தாவது கேள்வி முடிவதற்குள் கைக்குட்டை நனைந்துவிட்டது. அக்கா மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தார். "இவ்ளோ வந்தா அடுத்தவங்களை ஆலோசகர்கிட்ட அனுப்புவோம்ல? நீயும் போ. லீவு நான் தர்றேன்."

ஆலோசகர் "பயப்படாதீங்க" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் கையில் கொடுத்து, "நீங்களே அளந்து பாருங்க" என்றார். ஏழு வாரம் அவளும் கணவனும் தெருமுனைப் பூங்காவை மூலைமுடுக்கெல்லாம் அளந்தார்கள். வேலியோரம் ஓரிடத்தில் எண் கொஞ்சம் ஏறியது. அங்கே கோடு போட்டு விலக்கினார்கள். மற்ற இடங்களில் எண் அசையவில்லை. சண்டை போட்ட இருவரும் ஒரே எண்ணைக் குனிந்து பார்த்தார்கள்.

எட்டாவது வாரம் வாண்டைக் கூட்டிப் போனாள். வாண்டோ பெஞ்சை விட்டு இறங்க மறுத்தாள்.

"அழுக்கு! அம்மா திட்டும்!"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. பயத்தையும் பாலைப்போல் ஊட்டியிருக்கிறோமே! அலுவலக உடுப்போடு அப்படியே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வாண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல இறங்கி அம்மாவின் மடியில் உட்கார்ந்தாள். கால் கட்டைவிரலால் மண்ணைத் தொட்டாள். அடுத்து ஒரு கால். அடுத்து இன்னொரு கால்.

"அம்மா, எறும்பு! நிஜமாவே நடக்குது!"

படப் புத்தகத்தில் மட்டுமே அவள் எறும்பைப் பார்த்திருந்தாள்.

"கிளம்பலாமா?" என்றான் கணவன்.

"இருங்க, எங்க போகுதுன்னு பாத்துட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டு, மகளின் பின்னால் அவளும் முட்டி போட்டு நகர்ந்தாள்.