ஆளில்லாத கடற்கரைப் படங்கள்

தங்கச்சி ஸப்னா வெளியே போய் ஏழு மணித்தியாலமும் இருபது நிமிடமும் ஆகியிருந்தன. றிஸ்லா அதை எண்ண வேண்டுமென்று எண்ணவில்லை. காலையில் வாப்பாவின் ஆட்டோ வாசல் படலையைத் தாண்டும்போது மகள் அப்ராவுக்குப் பிட்டுத் தீத்திக்கொண்டிருந்தாள். அப்போது தொடங்கிய கணக்கு, மீன் கழுவும்போதும் கணவன் ஹாதிக்கின் சேட்டுகளை மடிக்கும்போதும் தானாக உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

கைபேசி மினுங்கியது. தங்கச்சி புதிதாக ஒரு படம் போட்டிருந்தாள். கோமாரிக் களப்பு. தண்ணீர் வற்றிய சேற்றில் சங்குவளை நாரைகள் வரிசையாக நின்றன. அவற்றின் வாலருகே இளஞ்சிவப்பு. கீழே ஸப்னா இரண்டே வரி எழுதியிருந்தாள்: ‘ஒற்றைக் காலில் நிற்பது களைப்பினால் அல்ல. மற்றக் காலின் சூட்டைச் சேமிக்கிறது.’

ஊரில் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அதற்கு விருப்பம் போட்டிருந்தார்கள். றிஸ்லா போடவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு பழைய படங்களுக்குப் போனாள். ஒலுவிலில் வேர் வெளியே தெரியச் சரிந்து கிடந்த தென்னைகள். திருக்கோவில் மணலில் அடம்பன் கொடியின் ஊதாப் பூ. அக்கரைப்பற்று வயலில் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் நடக்கும் கொக்குகள். எல்லாம் இந்த ஐந்தாறு மாதத்துக்குள். எந்தப் படத்திலும் ஓர் ஆள் இல்லை.

சாய்ந்தமருதில் றிஸ்லாவின் வீட்டிலிருந்து கடல் ஐந்து நிமிட நடை. இரைச்சல் படுக்கைக்குக் கேட்கும். ஆனால் அவள் கடைசியாகக் கடலைப் பார்த்தது போன பெருநாளன்று.

ஊர் அவளைத்தான் கொடுத்து வைத்தவள் என்றது. மூன்று அறை, தரையெல்லாம் மாபிள், நீல இரும்புப் படலை. அவளுடைய நிக்காஹ் நடந்த வாரமே வீடும் அதைச் சுற்றிய வளவும் அவள் பேருக்கு மாறின. ஹாதிக் பெட்டியோடு வந்து இறங்கினான். வாப்பாவும் உம்மாவும் ஸப்னாவும் வளவின் பின்பக்கம் தகரம் போட்ட இரண்டு அறைக்கு மாறினார்கள். பெண்ணோடு வீட்டையும் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம்; எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஸப்னாவுக்கென்று வாப்பா வாங்கிப்போட்டிருந்த கடலோரக் காணியைக் கடல் வருஷத்துக்கு வருஷம் அரித்து, கடைசியில் வேலிக்கட்டைகள் இரண்டு மட்டும் தண்ணீருக்குள் நின்றன.

ஸப்னா கம்பஸ் போனாள், விஞ்ஞானப் பட்டம் எடுத்தாள், பிள்ளைகளுக்கு டியூசன் சொல்லிக் கொடுத்தாள். இப்போது ஊர் சுற்றுகிறாள். றிஸ்லாவுக்குப் பச்சை மிளகாயைக் கடித்தது போலிருந்தது. அந்த எரிவு ஒரு மாதமாக நாக்கிலேயே நின்றது.

ஒரு மாதத்துக்கு முன்பு வாப்பா பளீல் வந்து விறாந்தையில் நின்றார். தான் கட்டிய வீடென்றாலும் கூப்பிடாமல் உட்காரமாட்டார்.

“மனே, பின் வளவ தங்கச்சிட பேருக்கு எழுதித் தருவியா? சின்னதா ஒரு ஊட்ட எழுப்பிப்போடலாம் எண்டு பாக்கிறன்.”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். அன்று பின்னேரம் ஸப்னா ஒலுவில் தென்னைகளைப் போட்டாள். மறுநாள் றிஸ்லா உம்மாவிடம் போனாள்.

“எனக்கும் ஒரு பொம்புளப் புள்ள இரிக்கி உம்மா. மறுகா அவளுக்கு நான் என்னத்தக் குடுக்கிற?”

அது யாரும் மறுத்துக் கதைக்க முடியாத காரணம். றிஸ்லா அதைத் தேடித்தான் எடுத்திருந்தாள்.

இன்று மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் ஆட்டோ திரும்பி வந்தது. உம்மாவுக்குப் பின்னால் ஸப்னா இறங்கும்போது றிஸ்லா கிணற்றடியில் நின்றாள்.

“என்னகா, இண்டைக்கு எந்தக் கடல்?”

“பொத்துவில் பக்கம் போனம் ராத்தா. வாற வழியில கோமாரி.”

“நம்மட ஊர்ல கடல் இல்லாத மாதிரி.”

“இஞ்சயும் இரிக்கிதான்.”

“பெருநாளைக்குத் தைச்ச அபாயாவ உடுத்துக்கிட்டு நாரைக்குக் காட்டவா போன?”

ஸப்னா சிரித்தாள். “நாரையும் ஒண்டும் சொல்லல்ல.”

இந்தச் சிரிப்புத்தான் றிஸ்லாவுக்குப் பிடிப்பதில்லை. இன்று காலையிலும் இப்படித்தான் வந்து நின்றாள். “ராத்தா, ரெண்டு காப்புத் தாங்களன். பின்னேரம் கொண்டந்து தந்திருவன்.” “கடல் பாக்கக் காப்பெதுக்குகா? நண்டுக்குப் போடவா?” என்று றிஸ்லா கேட்டதற்கும் சிரித்துவிட்டு வெறுங்கையோடு போனாள்.

வாப்பா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். றிஸ்லா அவரிடம் போனாள்.

“வாற சனிக்கிழமையும் போறீங்களா வாப்பா?”

துடைத்த கை நின்றது. “ஓம் மனே. பொத்துவிலுக்கு.”

“நானும் வாறன்.”

“ஆட்டோவில இடமில்லயே.”

“நான் மெலிஞ்சவதான். அப்ரா மடியில இரிப்பாள்.”

“புள்ளைக்கு வெயிலு,” என்றார் உம்மா உள்ளேயிருந்து வந்து.

“கறுத்தா கறுக்கட்டும். வருஷம் முழுக்க இந்த நாலு சுவத்தத்தானே பாத்துக்கிட்டு இரிக்கன்.”

வாப்பாவும் உம்மாவும் ஸப்னாவைப் பார்த்தார்கள். மூன்று பேருக்குள்ளும் ஏதோ போய் வந்தது. தன்னை வைத்துக்கொண்டே கண்ணால் கதைக்கிறார்கள் என்று றிஸ்லாவுக்கு இன்னும் எரிந்தது.

“வரட்டும் வாப்பா,” என்றாள் ஸப்னா.

சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டார்கள். உம்மாவின் மடியில் துணி கட்டிய வட்டிலப்ப இனிப்புப் பாத்திரம். நிந்தவூர் தாண்டும்போது வயல் இரு பக்கமும் பச்சையாய்க் கிடந்தது. காற்றில் கடல் மணமும் சேற்று மணமும் மாறி மாறி வந்தன. றிஸ்லா முகத்தை வெளியே நீட்டி வைத்துக்கொண்டாள். சந்தோஷம் உண்மையிலேயே வந்தது. அக்கரைப்பற்று வரைக்கும் நின்றது.

திருக்கோவிலுக்குப் பக்கத்தில் மின்கம்பியில் நீலமாய் ஒரு பறவை இருந்தது.

“அது என்ன சாச்சி?” என்றாள் அப்ரா.

“மீன்கொத்தி. ஆனா இவர் மீனை விட வெட்டுக்கிளிதான் கூடத் தின்னுற.”

“ஏன் அப்ப அந்தப் பேரு?”

“பேரு வச்ச ஆள் பக்கத்தில போய்ப் பாக்கல்லப் போல.”

அப்ரா சிரித்துக்கொண்டே தாயின் மடியிலிருந்து சாச்சியின் மடிக்கு நழுவினாள். றிஸ்லா வெளியே பார்த்தாள். வயல் முடிந்து, பற்றைக்காடும் மணலுமாக இருந்தது. பார்க்க ஒன்றுமில்லை.

பொத்துவிலில் ஆட்டோ கடற்கரையில் நின்றது. வாப்பா இறங்காமலே திரும்பிப் பார்த்தார்.

“நீயும் புள்ளையும் கடலப் பாத்துக்கிட்டு இரிங்க மனே. நாங்க ஒரு ஊட்டுக்குப் போயிட்டு ஓடி வாறம்.”

“ஆர்ர ஊடு?”

“தெரிஞ்ச ஆக்கள்.”

“எங்களக் கூட்டிப் போனா அவங்கட கதிரை தேஞ்சிருமா?”

யாரும் சிரிக்கவில்லை. உம்மா வட்டிலப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஸப்னா அபாயாவின் சுருக்கத்தை நீவிவிட்டாள். ஆட்டோ போய்விட்டது.

றிஸ்லா ஒரு தோணியின் நிழலில் குந்தினாள். வாரம் முழுக்கக் காத்திருந்தது இந்தக் கடலுக்குத்தான். இப்போது அது முன்னால் கிடக்க, அவள் முதுகைக் காட்டி வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வீடு அது? என்ன சாப்பிடுகிறார்கள்? கம்பஸ் படித்தவளை ஒரு மாதிரியும் வீட்டுக்குள் கிடப்பவளை இன்னொரு மாதிரியும் நடத்துகிறார்கள். பின் வளவைக் கொடுக்கமாட்டேன் என்றது எவ்வளவு சரி.

மணலில் முள்ளுப் பந்துகள் உருண்டு வந்தன. இராவணன் மீசைப் புல்லின் காய்க்கொத்துகள். காற்று அடிக்கும்போது ஓடும், விட்டால் நிற்கும். அப்ரா அவற்றைத் துரத்தினாள். கையில் முள் குத்த அழுதாள். பிறகும் துரத்தினாள்.

சூரியன் உச்சி தாண்டிய பிறகுதான் ஆட்டோ வந்தது. ஸப்னா யாரையும் பார்க்காமல் நேரே தண்ணீர்ப் பக்கம் நடந்தாள். உம்மா வெறும் பாத்திரத்தை ஆட்டோவின் இருக்கையில் வைத்தார். துணிகூட மடித்துக் கட்டியிருக்கவில்லை. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. ஒரு சீப்பு வாழைப்பழமாவது, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். றிஸ்லா பாத்திரத்தைப் பார்த்தாள். ஆனால் எல்லாவற்றையும் இவர்களே தின்று முடித்துவிட்டார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அவள் தங்கச்சிக்குப் பின்னால் நடந்தாள். ஸப்னா மணலில் முழங்கால் ஊன்றி, ஈர மணலில் வந்து நின்றுவிட்ட ஒரு முள்ளுப் பந்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் எடுத்தாள்.

“விருந்து நல்லமா?” என்றாள் றிஸ்லா. “நானும் என்ட புள்ளையும் இஞ்ச வெயில்ல காயிறம். நீ தின்னுட்டு வந்து படம் புடிக்கிறாய். இதையும் போடு. ஊரெல்லாம் விருப்பம் போடட்டும். உனக்கென்னகா, கவலையில்லாத பொறப்பு.”

ஸப்னா கைபேசியை இறக்கினாள்.

“விருந்து இல்ல ராத்தா. பொண் பாத்த. மாப்புளட உம்மாவும் ரெண்டு மாமிமாரும்.”

றிஸ்லா திரும்பி ஆட்டோவைப் பார்த்தாள்.

“நம்மட ஊட்டுக்கு வந்து பாத்துட்டு வேணாமெண்டா எத்தனை பேர் எண்டு ஊர் முழுக்க எண்ணும். அதுக்காகத்தான் தூரத்தில, தெரிஞ்ச ஆக்கள்ர ஊட்டில வச்சுக் காட்டுற. முதல்ல என்னப் பாப்பாங்க. படிப்பக் கேட்டா சந்தோஷம். மறுகா ஊடு எங்க இரிக்கி எண்டு கேப்பாங்க. வாப்பா குனிஞ்சு நிலத்தப் பாப்பாரு. அவ்வளவுதான், கதை முடிஞ்சிரும்.”

“இண்டைக்கும்…”

“போன கிழமை வந்தவங்க தேத்தண்ணியோட போயிட்டாங்க. இண்டைக்கு வட்டிலப்பத்தையாவது எடுத்தாங்க.” சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. “வாற வழியில வாப்பாட்ட, கொஞ்சம் நிப்பாட்டுங்க எண்டு கேப்பன். ஆட்டோக்குள்ள மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு இரிக்க ஏலா. இறங்கி, முன்னால எது இரிக்கோ அதப் புடிப்பன். ஒலுவில் தென்ன, அடம்பன் பூ, கொக்கு, நாரை. ஒவ்வொண்டும் ஒவ்வொரு ஊட்டுக்காரர் வேணாமெண்ட நாள் ராத்தா.”

றிஸ்லாவுக்குக் காப்புக் கேட்டு நீட்டிய கை ஞாபகம் வந்தது. தன் கையிலிருந்த காப்புகளை மற்றக் கையால் மூடிக்கொண்டாள்.

“பின் வளவ எழுதித் தாறன்,” என்றாள். “திங்கக்கிழமையே.”

“உம்மாட பேருக்கு எழுதுங்க. அவங்க ஒழுகாத கூரைக்குக் கீழ படுக்கட்டும். எனக்கெண்டு வேணாம்.”

“ஏன்கா?”

“நீங்க எனக்குத் தருவீங்க. அப்ராவுக்கு ஆரு குடுக்கிற? அவள்ர மகளுக்கு?” ஸப்னா எழுந்து மணலைத் தட்டினாள். “பொண்ணோட சேத்து ஊட்டையும் கேக்கிற வழக்கம் இரிக்கிற வரைக்கும் ஒரு வயித்தில பொறந்த ரெண்டு பேரும் ஒரு வளவுக்குப் போட்டிக்காரர்தான். இனி ஊடு கேக்கிற ஆக்களுக்கு முன்னால நான் வந்து நிக்கமாட்டன். ஆட்டோக்குள்ளேயே வாப்பாட்டச் சொல்லிட்டன். என்னக் கேட்டு வாறவர் வரட்டும்.”

தூரத்தில் வாப்பா ஆட்டோவில் சாய்ந்து நின்றார். அப்ரா இன்னொரு முள்ளுப் பந்தைத் துரத்திக்கொண்டு அவர்களைத் தாண்டி ஓடினாள்.

ஸப்னா அக்காவின் தோளில் கை வைத்தாள். “உங்களில பிழ இல்ல ராத்தா. உம்மா சொன்ன. அப்ராவ நினைச்சுத்தானே மாட்டன் எண்டீங்க. தாய்க்கு அந்தப் பயம் இரிக்கும்தானே.”

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு றிஸ்லா வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் ஒரு நாளும் கேட்டிருக்கமாட்டார்கள். அவள் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்து, விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“அப்ராவுக்காக இல்லகா,” என்றாள். “அப்ரா அப்ப என்ட நினைப்பிலயே இல்ல. உன்ட படங்களப் பாத்தன். நீ மட்டும் கடல் பாக்கிறாய் எண்டு வயிறு எரிஞ்சிச்சு. வழக்கத்திலயும் பிழ இரிக்கிதான். ஆனா நான் வளவத் தராதது பொறாமையில.”