சிறப்பிதழின் முதல் கதை

எங்கள் வீட்டு முன்னறைதான் பத்திரிகை அலுவலகம். ஆசிரியர் என் கணவர். எழுதுகிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கத்தரி. எவ்வளவு பெரிய எழுத்தாளரின் கதையானாலும் நாலு வரியாவது வெட்டாமல் விடமாட்டார். கடைசிப் பக்கத்து இலக்கியச் செய்திகள் என் பொறுப்பு. யாருக்குப் பரிசு, யார் யாரோடு முறைத்துக்கொண்டு தனிப் பத்திரிகை தொடங்கினார், அது எப்போது மூச்சை விட்டது, எல்லாம் நான் எழுதுவதுதான். மற்ற பக்கங்களைப் புரட்டித் தள்ளுகிறவர்கள்கூட இதை மட்டும் வரி விடாமல் படிக்கிறார்கள். ஆசிரியர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

பத்திரிகை தொடங்கிய புதிதில் அந்தப் பக்கத்தை அவரே எழுதிக்கொண்டிருந்தார். அப்போது இன்னொரு பத்திரிகை ஆசிரியர் தன் மருமகனின் கவிதைகளை மாதம் தவறாமல் போட்டுவந்தார். கவிதைகள் படுமோசம். என் கணவர் அதைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு, தன் பத்திரிகையில் தன் உறவினர் எழுதிய ஒரு வரிகூட வராது என்று அச்சிலேயே சத்தியம் செய்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எழுத்துலகம் மற்றதையெல்லாம் மறக்கும், இந்த மாதிரி விஷயத்தை மட்டும் மறக்காது. இவர் எப்போது சறுக்குவார் என்று ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அதில் மாட்டிக்கொண்டவர் என் கொழுந்தனார். லிஃப்ட் மெக்கானிக். ஓய்ந்த நேரத்தில் கதை எழுதுவார், நன்றாகவே எழுதுவார். மற்ற பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. ஆனால் அவருக்கு வேண்டியது அண்ணன் பத்திரிகைதான். எழுதி முடித்ததும் இங்கேதான் முதலில் கொண்டுவருவார். இவர் உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுப்பார். அவரும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, செய்திப் பக்கத்துக்கு இந்த மாதம் என்ன கிடைத்தது என்று என்னிடம் வம்பு கேட்டுவிட்டுப் போவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

போன முறை அவர் வந்தபோது ஆசிரியர் வீட்டில் இல்லை. நான் கதையை வாங்கி, தட்டச்சு செய்து, பெயரில்லாமல் மற்றக் கதைகளோடு சேர்த்து வைத்துவிட்டேன். லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து பழுது பார்க்கிற ஒருவன், கீழே ஏறி இறங்குகிறவர்களின் பேச்சைத் துண்டு துண்டாகக் கேட்கிற கதை. அன்று சாயங்காலம் இவர் தாள்களோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"யார் இந்த ஆளு? ஒரு வார்த்தைகூட வெட்ட முடியலயே."

சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து படித்தார். சத்தியம் போனால் போகிறது என்றார். ஆண்டுச் சிறப்பிதழின் முதல் கதை இதுதான், ஏன் போடுகிறேன் என்று தலையங்கத்தில் நானே எழுதுகிறேன் என்றார். தம்பியிடம் மூச்சு விடக் கூடாது, இதழைக் கையில் கொடுத்து அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று என் வாயையும் கட்டிப்போட்டார். சிறு பிள்ளை மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

சிறப்பிதழ் என்றைக்குக் காலத்தில் வந்திருக்கிறது? ஒரு விமர்சகரின் கட்டுரைக்காகக் காத்திருந்தோம். அவர் இதோ அதோ என்று இழுத்தடித்தார். அதற்குள் கொழுந்தனாருக்குக் கண் மஞ்சளானது. பரிசோதனைகளுக்குப் பிறகு டாக்டர் இவரையும் என் ஓரகத்தியையும் தனியே கூப்பிட்டு, ஈரலில் புற்று, பரவிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார். அவரிடம் சொல்லவேண்டாம் என்று ஓரகத்தி எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம், "சரியாயிடும்" என்பதுதான் எங்கள் எல்லோருடைய பேச்சும். அவரும் தலையாட்டிக்கொள்வார்.

கட்டுரையாவது மண்ணாவது, கதைப் பக்கத்தை மட்டுமாவது அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றேன். இவர் தயங்கினார்.

"இப்போ கொடுத்தா, பாவம்னு போட்டேன்னு நினைப்பான். நோய் வர்றதுக்கு முன்னாடியே எடுத்த கதை. அதை எப்படி நம்ப வைக்கிறது?"

இப்போது கொடுக்காவிட்டால் எப்போது கொடுப்பதாக உத்தேசம் என்று கத்தினேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. மறுநாள் வடிவமைப்பாளரிடம் போய், தலைப்பும் பெயரும் பெரிதாக விழுந்த முதல் பக்கங்களை வாங்கிவந்து இவர் கையில் திணித்தேன்.

ஆஸ்பத்திரியில் ஓரகத்தி அவருக்கு நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தாள்களை நீட்டினார். கொழுந்தனார் கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். தன் பெயரைப் பார்த்தார். மேலே பத்திரிகையின் பெயரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது, நான் என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் அந்த மலர்ச்சி பாதியில் நின்றது. கண்ணாடியைக் கழற்றி மார்மேல் வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார்.

"அண்ணே, டாக்டர் எவ்வளவு நாள்னு சொன்னாரு?"

ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். இத்தனை நாள் எல்லோரும் சேர்ந்து மூடி வைத்ததை நான் வாங்கிவந்த தாளே உடைத்துவிட்டது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடா" என்றார் இவர். "கதை நல்லா இருக்கு. முன்னாடியே எடுத்தது. உன் அண்ணியைக் கேளு. நிஜமா நல்லா இருக்குடா."

ஊரில் உள்ள அத்தனை பேரின் எழுத்தையும் எடை போட்டவர். தம்பியின் கதையைப் பற்றிச் சொல்ல இதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை. நானும் சொன்னேன், பெயரில்லாமல் வைத்ததைச் சொன்னேன், சமையலறை வாசலில் வந்து நின்றதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டிச் சொல்வது போல இருந்தது.

கொழுந்தனார் அண்ணனின் கையை எடுத்துத் தட்டிக்கொடுத்தார். சரியாயிடும் என்று நாங்கள் சொல்லும்போதெல்லாம் ஆட்டுவாரே, அதே மாதிரி தலையாட்டினார்.