வலது கையில் மூன்று, இடது கையில் இரண்டு

என் வீட்டுக்காரருக்கு உட்காரத் தெரியாது. சொன்னால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். சாப்பாடுகூட நின்றுகொண்டுதான். சமையல் மேடையில் தட்டை வைத்து, இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்குமாக மாறி மாறி நின்று, ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். சினிமாவுக்குக் கூட்டிப்போனால் இடைவேளைக்கு முன்பே எழுந்து கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நிற்பார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனுஷன் என்று ஆரம்பத்தில் நானும் திட்டித் தீர்த்தேன். காரணம் புரிந்த பிறகு திட்டுவதைக் குறைத்தேன். நிறுத்தவில்லை.

பத்தொன்பது வயதில் ஒரு பையும் இரண்டு ஜோடி பூட்ஸுமாக இந்த நாட்டுக்குக் கால்பந்து ஆட வந்தவர். இடது ஓரத்தில் ஓடுவார். அந்த ஓட்டத்தைக் குறை சொல்ல ஆள் கிடையாது. ஆனால் இங்கே லீகில் ஒரு விதி உண்டு. அணியில் எத்தனை வெளிநாட்டுக்காரர்கள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரே நேரத்தில் களத்தில் மூன்று பேருக்கு மேல் நிற்கக் கூடாது. அந்த மூன்று இடமும் கோல் போடுகிறவர்களுக்குத்தான் போகும். ஓரத்தில் ஓடுகிறவனுக்கு பெஞ்சுதான் கதி.

கல்யாணமாகி நான் இங்கே வந்து மூன்றே மாதம் ஆகியிருந்தது. ஒரு கோப்பை இறுதிப் போட்டி. ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது பயிற்சியாளர் இவரைக் கூப்பிட்டார். மேல்சட்டையைக் கழற்றிப் போட்டு, காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு கோட்டருகே போய் நின்றார். நான் எழுந்து கை தட்டினேன். பக்கத்தில் இருந்த அம்மாளிடம் என் புருஷன் என்று சைகையில் சொல்லியும்விட்டேன். அப்போது எண் பலகை வைத்திருந்த நடுவர் தலையை ஆட்டினார். பயிற்சியாளர் எண்ணிக்கையில் கோட்டை விட்டிருந்தார். உள்ளே ஏற்கெனவே மூன்று வெளிநாட்டுக்காரர்கள். இவர் திரும்பி நடந்து வந்து, அத்தனை ஆயிரம் பேர் பார்க்க, கழற்றிய சட்டையை மறுபடியும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த அம்மாள் என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு இவர் நிம்மதியாக ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பதின்மூன்று வருஷம் ஆடினார். முழங்கால் போனதும் துணைப் பயிற்சியாளரானார். ஒன்பது வருஷம் அடுத்தவர் விசிலுக்குப் பயிற்சிக் கூம்பு அடுக்கி, கூம்பு பொறுக்கினார். இதற்கு நடுவில் எங்கள் பாஸ்போர்ட் மாறியது, மகள் பிறந்து நாலு பள்ளிக்கூடம் மாறினாள். போன வருஷம்தான் இந்தச் சின்ன ஊர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். கிளப்பே வீடு கொடுத்தது; அதோடு சேர்த்து ஐந்து ஊர், ஆறு வீடு. ஒப்பந்தத்தில் மட்டும் ஒரு வரி முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் வேலை முடிந்தது. கிளப் தலைவராகப் பார்த்து வைத்துக்கொண்டால்தான் உண்டு.

நான் ஒரு சலவைக் கடையில் தையல் மேஜையில் வேலை பார்க்கிறேன். பேண்ட்டுக்கு அடி மடிப்பு, ஜிப் மாற்றல், கிழிசல். துணிக் கட்டுகளில் சீட்டை மாட்டுவதற்குச் சிவப்பு ரப்பர் பேண்டு டப்பா டப்பாவாகக் கிடக்கும். தலைமைப் பொறுப்பு கிடைத்த அன்று இவர் என்னிடம் கேட்டது புதுச் சட்டை இல்லை, அந்த ரப்பர் பேண்டில் ஐந்து. அணியில் ஐந்து வெளிநாட்டுக்காரர்கள் இருந்தார்கள். களத்தில் நிற்கிறவனுக்கு வலது மணிக்கட்டில் ஒன்று, பெஞ்சில் இருக்கிறவனுக்கு இடது மணிக்கட்டில் ஒன்று. ஆள் உள்ளே போனால், வெளியே வந்தால், பேண்டும் கை மாறும். கையைப் பார்க்காமல் ஒருவனையும் எழுப்பமாட்டார். பையன்கள் கேலி செய்தார்கள். என்ன வளையல் போட்டிருக்கிறீர்கள் என்று நானே கேலி செய்தேன்.

"என் பெஞ்சுலேர்ந்து எழுந்து போனவன் திரும்பி வந்து உட்காரக் கூடாது," என்றார். அதற்குப் பிறகு நான் கேலி செய்யவில்லை.

அந்த ஐந்து பேரில் ஒருவன் சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். மூன்று வயதில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து இந்த நாட்டுக்குள் வந்தவன். இங்கேதான் படித்தான், இங்கேதான் பால் பல் விழுந்து முளைத்தது. இந்த ஊர்ப் பேச்சை ஊர்க்காரர்களைவிடச் சுத்தமாகப் பேசுவான். நான் கடையில் அந்தப் பேச்சைக் கடித்துத் துப்புகிற லட்சணத்தை என் மகளிடம் நடித்துக் காட்டுவான். இரண்டும் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் ஏதோ ஒரு பழைய படிவத்தில் அப்பன் கையெழுத்து இல்லையாம். அதனால் அவனுடைய குடியுரிமை மனு நாலு வருஷமாக மேஜை மேஜையாக அலைந்துகொண்டிருந்தது. அது வரும்வரை காகிதத்தில் அவன் வெளிநாட்டுக்காரன். இவர் கையிலிருக்கும் பேண்டைப் பார்த்தால்தான் எங்களுக்கே அது நினைவு வரும்.

கடைசி ஆட்டத்துக்கு வந்தோம். தோற்றால் கீழ்ப்பிரிவு. ஒரு டிரா கிடைத்தால் போதும், அணியும் தப்பும், வேலையும் தப்பும், வீடும் தப்பும். எழுபத்தெட்டாவது நிமிடம் ஒன்றுக்கு ஒன்று. எங்கள் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன், அவன் இந்த ஊர்ப் பையன், தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். எதிரணிக்காரர்கள் அந்தப் பக்கத்து ஓட்டையைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். கோட்டோரம் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்த இவர் சட்டென்று திரும்பி, "சுருட்டை, வா!" என்றார்.

சுருட்டை எழுந்தான். ஒரு நொடி நின்றான். பிறகு ஓடினான். நடுவரும் எண்ணிப் பார்க்காமல் மாற்றுச் சீட்டை வாங்கிக்கொண்டு பலகையைத் தூக்கிவிட்டார்.

பிரமாதமாக ஆடினான் என்பதையும் சொல்ல வேண்டும். கோல் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் போய் விழுந்து ஒரு பந்தை வெளியே தள்ளினான்; அது போயிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். மைதானமே எழுந்து கத்தியது. நான் மட்டும் இவரைப் பார்த்தேன். இவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அலையவில்லை, கத்தவில்லை, கால்கூட அசையவில்லை.

ஆட்டம் டிராவில் முடிந்தது. ஆட்கள் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடினார்கள். இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, வேலிக்கு மேலே இரண்டு கையையும் நீட்டினார்.

"வலதுல எத்தனை?"

"மூணு."

"இடதுல?"

"ரெண்டு."

"சுருட்டை எந்தக் கையில இருக்கான்?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஒரு நிமிடம் களத்தில் நாலு வெளிநாட்டுக்காரர்கள் நின்றாலும் ஆட்டம் எதிரணிக்கு என்பது விதி. எதிரணி முறையிட இரண்டு நாள் அவகாசம். இவர் அன்றே தலைவரிடம் சொன்னார். தலைவர் மாலையும் கழுத்துமாக நின்றவர், மூச்சு விடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு நாள் எங்கள் வீட்டுத் தரைக்குத்தான் தெரியும். கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து கூடம். மகள் படிக்க முடியவில்லை என்று பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். கடையில் நான் ஒருவருடைய பேண்ட்டில் ஒரு காலை மட்டும் குட்டையாக வெட்டி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவகாசம் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, இனிப் பிழைத்தோம் என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடுவதற்குள் தொலைபேசி அடித்தது. முறையீடு போய்விட்டதாம்.

மறுநாள் தலைவரே வீட்டுக்கு வந்தார். அவரும் உட்காரவில்லை.

"மேட்ச் எப்படியும் போச்சு. பேப்பர் வந்துடுச்சுன்னு அந்தப் பையன் உங்ககிட்ட பொய் சொன்னான்னு விசாரணையில சொல்லிடுங்க. அடுத்த வருஷமும் நீங்கதான் கோச், வீடும் இதேதான். இல்லன்னா ஜனங்களுக்கு நான் யாரைக் காட்டுறது?"

அப்படிச் சொன்னால் சுருட்டைக்கு என்ன ஆகும் என்று இவர் கேட்டார். ஒரு வருஷம் ஆடத் தடை வரும் என்றார் தலைவர். குடியுரிமை மனு என்ன ஆகும் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். பொய் சொன்னவன் என்று ஒரு முத்திரை விழுந்த பிறகு எந்த மேஜையில் அது நகரும்?

நான் ரொம்ப நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க, சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று இவர் காதைக் குடைந்தவள் நான்தான். அவனுக்கு இருபத்திரண்டு வயது, எப்படியும் எழுந்துகொள்வான். உங்களுக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள் என்றேன். ஏழாவது வீட்டுக்கு என்னால் சட்டி பானை தூக்க முடியாது என்றேன். அழுதும் பார்த்தேன். இவர் நடந்துகொண்டே இருந்தார்.

விசாரணை ஒரு பள்ளிக்கூட வகுப்பறை மாதிரியான அறையில் நடந்தது. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். பின்வரிசையில் தலைவர், அவருக்குப் பக்கத்தில் நான். உட்காரச் சொன்னார்கள். நிற்கிறேன் என்றார் இவர். ஆட்டக்காரன் உங்களிடம் ஏதாவது தவறான தகவல் சொன்னானா என்று நடுவில் இருந்தவர் கேட்டார். தலைவர் எழுதிக்கொடுத்த கேள்வி மாதிரியே இருந்தது. அவனிடம் பேசவே நேரம் இல்லை, தவறு முழுக்க என்னுடையது என்றார் இவர். தலைவர் எழுந்து வெளியே போனார். அவர் நாற்காலி கிறீச்சிட்டது.

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களே வெளிநாட்டு ஆட்டக்காரரா வந்தவர். இந்த விதி உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எங்களுக்கே தெரியாது. நீங்க எப்படி மறந்தீங்க?"

"நான் எங்கேர்ந்து வந்தேன்னு இருபத்து மூணு வருஷமா என்னை யாரும் மறக்க விட்டதில்ல," என்றார் இவர். "அவன் எங்கேர்ந்து வந்தான்னு நான் மறந்துட்டேன். அவ்வளவுதான்."

அணி இறங்கியது. இரண்டே வரியில் கடிதம் வந்தது. மாத முடிவில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். விசாரணையிலிருந்து திரும்பும்போது பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்த மனுஷனைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே நேரத்தில், சே, இந்த ஆளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அழுகையும் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். நான் கண்ணாடி டம்ளர்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அடுக்கி, மேலே பெரிய எழுத்தில் 'டம்ளர்' என்று எழுதினேன். எங்கள் ஆறு வீட்டுப் பயணத்தில் ஒன்றுகூட உடையாமல் வந்த டம்ளர்கள். இவர் பெட்டிகளுக்கு நடுவில் சந்து பார்த்து நடந்துகொண்டிருந்தார். கதவு திறந்தே இருந்தது. சுருட்டை வந்து வாசற்படியிலேயே நின்றான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

"கோச், எனக்குத் தெரியும்," என்றான். "உள்ள மூணு பேர் இருக்காங்கன்னு தெரிஞ்சுதான் ஓடினேன்."

இவர் நடை நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த பசை டேப்பை அவன் மேலேயே வீசியிருப்பேன்.

"தெரிஞ்சும் ஏண்டா ஓடின? ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? எங்க வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டு, இப்ப வந்து நிக்கிறியே! உனக்காக இந்த மனுஷன்..."

"திட்டுங்கக்கா," என்றான். ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை. இவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெறும் மணிக்கட்டு, பேண்டு போட்ட தடம் மட்டும் இன்னும் போகாமல் வெளுத்துக் கிடந்தது.

"சின்ன வயசுலேர்ந்து எங்க போனாலும் எண்ணிப் பார்த்துட்டுதான் என்னைக் கூப்பிடுவாங்க, கோச். நீங்களும் அப்படித்தான். அன்னிக்குத்தான் கையைப் பார்க்காம கூப்பிட்டீங்க. சொல்லியிருந்தா, பார்த்திருப்பீங்க."

இவர் பின்னால் கையை நீட்டித் தடவி, கிடைத்த பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்தார். அது டம்ளர் பெட்டி. அட்டை நெளிந்து, உள்ளே ஒவ்வொன்றாக உடைகிற சத்தம் கேட்டது. எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.