எண் இல்லாத சில்லுகள்

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு மாதக்கணக்காகிவிட்டது. மேசை முழுக்கப் போக்கர் சீட்டாட்டத்தில் காசுக்குப் பதிலாக வைக்கிற சில்லுகள். களிமண் கலந்தவை, பீங்கான், நடுவில் இரும்புத் தகடு வைத்த பிளாஸ்டிக் என்று கண்ட கடையிலிருந்தெல்லாம் மாதிரிக்கு நாலைந்து வரவழைத்து அடுக்கி வைத்திருந்தார் அவள் கணவர். வங்கியில் கணக்குத் தணிக்கை செய்கிறவர். இந்த வீட்டை அரைமணி நேரத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட மனிதர், இப்போது ஒரு வட்டத் துண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்து, இன்னொன்றோடு தட்டி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தச் சத்தத்தைக் கேளு. எப்படி இருக்கு?"

"சில்லுச் சத்தம் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல் சோபாவுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு பேர் கூடுவார்கள். அவர், பல் டாக்டர், கீழ் வீட்டுப் பஸ் டிரைவர், அவளுடைய அண்ணன். ஒரு வாரம் சில்லறைக் காசு வைத்து ஆடுவார்கள். மறுவாரம் போட்டி, எல்லாரும் சம அளவு சில்லுகளோடு தொடங்கி, கடைசிவரை மிஞ்சுகிறவர் ஜெயித்தவர். பழைய பிளாஸ்டிக் சில்லுகளில் ஐந்து, இருபத்தைந்து என்று எண் அச்சடித்திருக்கும். காசு ஆட்டத்துக்கு அது போதும். போட்டிக்கோ நூறும் ஆயிரமும் வேண்டும். எண்ணே இல்லாத சில்லுகளாக வாங்கிவிட்டால், சிவப்புக்கு இவ்வளவு, பச்சைக்கு இவ்வளவு என்று அன்றன்று மதிப்பு வைத்துக்கொண்டு இரண்டுக்கும் ஒரே பெட்டியைப் புழங்கலாம் என்பது அவருடைய திட்டம். குறை சொல்ல முடியாத திட்டம்தான். அண்ணன் மட்டும் முரண்டு பிடித்தார்.

அண்ணன் பெயின்ட் கடைக்காரர். காட்டியதையெல்லாம் தட்டிக்கழித்தார். ஒன்று கனம், கை வலிக்கும் என்றார். அடுத்தது பிஸ்கட் மாதிரி இருக்கிறது என்றார். அதற்கடுத்தது வழுக்குகிறதாம். கடைசியில் எங்கே வந்து நிற்பாரென்றால், "எண் போட்டதா வாங்குங்க மாப்பிள்ளை, அதுதான் லட்சணம்."

அவர் போனதும் கணவர் இவளிடம் பாய்வார். "பெயின்ட் கடை வெச்சிருக்கற மனுஷனுக்கு நிறத்தைப் பாத்து ஆட என்ன கேடு? வேணும்னே பண்றார். பிடிக்கலைன்னா வேற எடம் பாத்துக்கட்டும்."

அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. காரணம் அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும். அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பள்ளிக்கூடத்தில் மரத்துக்குச் செக்கச்செவேலென்று இலை வரைந்து வகுப்பே சிரித்த நாளில், யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று இவள் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். கடையில் அவர் டப்பாவின் மேலிருக்கும் எண்ணை வைத்தே காலத்தை ஓட்டினார். எந்த நிறத்துக்கு எந்த எண் என்பது மனப்பாடம். நிறம் தெரியாதவன் பெயின்ட் விற்கிறான் என்று வெளியே தெரிந்தால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான் என்ற பயம் அவரை விடவேயில்லை. அண்ணி காலமான பிறகு அவர் போய்வருகிற ஒரே வீடு இதுதான். வாரத்தில் அந்த ஒரு மதியம்தான் மனிதர்களோடு பேசிக்கொண்டு சாப்பிடுகிறார். இந்தப் பாழாய்ப்போன சில்லுகளால் அதுவும் நின்றுவிடும் போலிருந்தது.

கடைக்கே போய்ப் பார்த்தாள்.

"அண்ணே, நான் அவர்கிட்ட சொல்லிடறேன்."

"சொன்னேன்னா உன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்."

"சொல்லலைன்னாலும் மிதிக்கமாட்டீங்க போலிருக்கே."

அண்ணன் ஒரு டப்பாவை எடுத்து, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். "டாக்டர் வீட்டுக்கு இப்பத்தான் பெயின்ட் குடுத்திருக்கேன். டிரைவர் வாய் எப்படின்னு உனக்கே தெரியும். நீ பேசாம இரு பாப்பா."

பேசாமல் இருக்கவும் முடியவில்லை. எண் போட்டதையே வாங்கிவிடுங்களேன், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்று கணவரிடம் சொல்லிப் பார்த்தாள். நீ ஆடுவதே இல்லையே என்றார். அடுத்த வாரமே பெட்டி வந்து இறங்கியது. பீங்கான். செங்கல் சிவப்பு, இலைப் பச்சை, வெள்ளை, கறுப்பு. ஓர் எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை. கையைக் கழுவிவிட்டுத் தொடு என்று அவளிடம் சொன்னார்.

அண்ணன் வரமாட்டார் என்று நினைத்தாள். வந்துவிட்டார், சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு. அன்று காசு ஆட்டம். சிவப்பு ஐந்து, பச்சை இருபத்தைந்து என்று கணவர் அறிவித்தார். அண்ணன் வந்த சீட்டையெல்லாம் பார்த்துப் பார்த்து, சில்லு எதையும் தொடாமலே கவிழ்த்து வைத்தார்.

"என்ன பெயின்ட்டு, வேடிக்கை பாக்க வந்தீங்களா?" என்றார் டிரைவர்.

அவள் டீ கொண்டுவந்தபோது அண்ணன் கையில் மூன்று ராஜாக்கள் இருந்தார்கள். கவிழ்க்க மனம் வராத சீட்டு. "இருபத்தஞ்சு" என்று சொல்லி ஒரு சில்லை நகர்த்தினார். அது சிவப்பு.

"மச்சான், அஞ்சு போட்டிருக்கீங்க."

அண்ணன் அதை இழுத்துக்கொண்டு வேறொன்றைத் தள்ளினார். அதுவும் சிவப்பு.

"இருபத்தஞ்சுன்னா பச்சை மச்சான். எத்தனை தடவைதான் சொல்றது?"

"எது பச்சை?" என்றார் அண்ணன்.

டிரைவர் சிரித்தார். கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை.

"கிண்டல் பண்ணலை. எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது. சின்ன வயசுலேருந்தே."

டிரைவரின் சிரிப்பு பாதியில் நின்றது. பல் டாக்டர் தன் சீட்டைக் கீழே வைத்தார்.

"அப்போ எங்க வீட்டு ஹாலு?"

"நம்பர் பாத்துதான் குடுத்தேன் டாக்டர். சரியாத்தான் இருக்கும்."

கணவர் முகம் இறுகியது. "இதுக்காகவா? இத்தனை மாசமா, கனம், வழுக்குது, பிஸ்கட்டு, எல்லாம் இதுக்காகவா?" இவளைத் திரும்பிப் பார்த்தார். இவள் டீ கோப்பைகளைப் பார்த்தாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அவர் உள்ளே போனார். மேசை இழுப்பறைகளைத் திறந்து அறைந்து மூடும் சத்தம் கேட்டது. அண்ணன் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள்.

கணவர் திரும்பி வந்தபோது கையில் கோப்புகளின் மேல் எழுதுகிற தடித்த கறுப்பு மார்க்கர் இருந்தது. உட்கார்ந்து, அண்ணனுடைய குவியலிலிருந்து ஒரு பச்சைச் சில்லை எடுத்து, பளபளவென்றிருந்த அதன் நடுவில் இருபத்தைந்து என்று எண்ணால் எழுதினார். அடுத்ததை எடுத்தார்.

"போட்டி அன்னிக்கு என்ன பண்றது?" என்று டிரைவர் மெல்லக் கேட்டார்.

"சும்மா இருய்யா" என்று எரிந்து விழுந்தார் கணவர். பிறகு நிமிராமலே, "உக்காருங்க மச்சான். மை காயறதுக்குள்ள தொட்டுத் தொலைக்காதீங்க" என்றார்.

அண்ணன் உட்கார்ந்தார். எழுதி வைத்த முதல் சில்லை ஓரமாகப் பிடித்து, முகத்தருகே தூக்கி, மையின் மேல் மெதுவாக ஊதினார்.