நான்காம் எண் பாட்டில்

மருத்துவக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. உயிர்வேதியியல் செய்முறைத் தேர்வில் அவர்கள் முன்னால் வைக்கப்படும் 'நோயாளியின் சிறுநீர்' எந்த நோயாளியுடையதும் அல்ல. ஆண்கள் விடுதியில் கேன் கொடுத்து வாங்கி வருவது. அதில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்தால் சிறுநீரக நோய். குளுக்கோஸைக் கலந்தால் சர்க்கரை நோய். கொஞ்சம் அசிட்டோன் விட்டால் நோயாளி கோமாவுக்குப் பக்கத்தில் போய்விடுவார். பெங்களூரின் அந்தக் கல்லூரியில் இந்தச் சமையல் ரகுராமின் பொறுப்பு. உதவிப் பேராசிரியர் என்று பதவிக்குப் பெயர்.

அன்று தேர்வு தொடங்கும் நேரத்தில் அவன் முழங்கை பட்டு நான்காம் எண் பாட்டில் விழுந்து உடைந்தது. விடுதிக் கேன் காலி. வேறு வழியில்லை. புது பீக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனான். அந்த வகையில் அவனுக்குச் சில மாதங்களாகப் பஞ்சமே இல்லை. மிச்சமிருந்த வெள்ளைக்கருவை அதில் கலந்து, வேறு பாட்டிலில் ஊற்றி, எண் ஒட்டி வைத்தான். தேர்வாளரிடம் கொடுத்த விடைக்குறிப்பில், அதாவது கீ-யில், ஏற்கெனவே எழுதியிருந்தது: நான்கு, புரதம் மட்டும்.

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. மனைவி சஹானா போன வருடம் இறந்துபோனாள். அதற்கப்புறம் இளைத்தான். ராத்திரியெல்லாம் எழுந்து தண்ணீர் குடித்தான். "துக்கம் உடம்பை உருக்கிடும் ரகுராம்" என்று துறைத்தலைவர் நிருபமா தினமும் பஃப்ஸும் கேக்கும் வாங்கித் தந்தார். அவனும் துக்கம் என்றே நம்பினான். தாகம், இளைப்பு, அடிக்கடி சிறுநீர், இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன நோய் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவனும் அவன்தான்.

நான்காம் பாட்டில் லவினாவுக்கு விழுந்தது. லிங்கராஜபுரத்துப் பெண். முதலாம் ஆண்டுத் தேர்வில் மூன்று முறை தோற்றவள். நான்கு முறைக்கு மேல் எழுத முடியாது. இதிலும் போனால் கல்லூரியை விட்டே போக வேண்டியதுதான். படிக்காமல் தோற்றவள் இல்லை. வாய் அப்படி. இன்சுலின் எங்கிருந்து வருகிறது என்று போன முறை ஒருவர் கேட்டதற்கு, "கணையம் வேலை செஞ்சா அங்கேயிருந்து, செய்யலைன்னா மெடிக்கல் ஷாப்ல இருந்து" என்றாள்.

இந்த முறை வெளித்தேர்வாளர் மைசூர் ஸ்ரீகண்டன். அவள் தாளை இரண்டு முறை படித்தார்.

"புரதம் சரி. சர்க்கரை எங்கேயிருந்தும்மா வந்தது?"

"பாட்டில்ல இருந்து சார்."

"கீ-ல இல்லையே."

"கீயை நான் டெஸ்ட் பண்ணல சார்."

ஸ்ரீகண்டன் பேனாவைத் திறந்தார். "ட்யூபை ஒழுங்கா கழுவல. இல்லைன்னா பக்கத்துல பார்த்து எழுதியிருக்க."

லவினா சோதனைக் குழாயைத் தூக்கிக் காட்டினாள். அடியில் செங்கல் நிறத்தில் படிந்திருந்தது, சர்க்கரை நிறைய இருந்தால் வரும் நிறம். "பக்கத்துல பார்த்தா கலர் மாறுமா சார்?"

நிருபமா குறுக்கே வந்தார். "ரகுராம், நீங்கதானே கலந்தீங்க. குளுக்கோஸ் போட்டீங்களா?"

"இல்ல மேடம்."

உண்மைதான். அந்த உண்மையோடு அவள் படிப்பு முடிந்தது. பேனா மதிப்பெண் கட்டத்துக்குப் போயிற்று. லவினா கையில் குழாய் இன்னும் தூக்கியபடியே இருந்தது, இறக்க மறந்துவிட்டவள்போல.

ரகுராம் அந்தச் சிவப்பைப் பார்த்தான். வெள்ளைக்கருவில் இவ்வளவு சர்க்கரை கிடையாது. பீக்கரும் புதிது. மீதி இருந்தது ஒன்றுதான்.

"நான் போடல சார். ஆனா யூரின் கொடுத்த டோனர் போட்டிருக்கார்."

"டோனர் யாரு?"

"நான்தான்."

கடைசி வரிசையில் யாரோ சிரித்து, நிறுத்திக்கொண்டார்கள்.

"ஸ்டூடன்டைக் காப்பாத்த என்னென்னவோ பொய் கேட்டிருக்கேன்" என்றார் ஸ்ரீகண்டன். "இவ்வளவு மானங்கெட்ட பொய்யை யாரும் சொன்னதில்ல. நிரூபிக்க முடியுமா?"

"முடியும் சார். இப்பவே வருது."

வந்தது. ஸ்ரீகண்டன் கையுறை மாட்டிக்கொண்டு தானே செய்தார். பெனடிக்ட் கரைசல், சில சொட்டுகள், தீ. பரீட்சையை விட்டுவிட்டு மொத்த வகுப்பும் கழுத்தை நீட்டியது. நீலம் பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. "இதோட நின்னுடும்" என்றார் நிருபமா. நிற்கவில்லை. ஆரஞ்சு. பிறகு செங்கல்.

ஸ்ரீகண்டன் ரகுராமின் பெல்ட்டைப் பார்த்தார். புதிதாகக் குத்திய ஓட்டையில் மாட்டியிருந்தது.

"தாகம்?"

"இருக்கு சார்."

"என்னன்னு நினைச்சீங்க?"

"துக்கம்னு."

"பயோகெமிஸ்ட்ரி வாத்தியார்" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். அப்புறம் லவினா பக்கம் திரும்பினார். "சரிம்மா. பேஷன்ட் எதிர்லயே இருக்காரு. என்ன சொல்லுவ?"

அவள் ரகுராமை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"ஃபாஸ்டிங் சுகர், எச்பிஏ ஒன் சி. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு சொல்லுவார், விடக்கூடாது. ஸ்டாஃப் ரூம் பஃப்ஸை நிறுத்தணும்."

நிருபமா ஜன்னலைப் பார்த்தார்.

"பஃப்ஸ் சிலபஸ்ல இல்லையேம்மா."

"சாரும் சிலபஸ்ல இல்ல சார்."

ஸ்ரீகண்டன் கட்டத்தில் ஓர் எண்ணைப் போட்டுத் தாளைத் திருப்பி வைத்தார். "ஹோக்லி பிடி, போகட்டும் விடு. பாஸாயிட்டே, போம்மா. இன்னும் ஏதாவது பேசி அதைக் கெடுத்துக்காதே."

லவினா கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ரகுராம் பக்கத்தில் போய் நின்றான். இன்னொரு சோதனையின் முடிவு அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கீட்டோன் இருந்தால் ஊதா வளையம் வரும். வந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிப் படுக்கை, அதற்கு அப்புறம் எதுவும் நடக்கலாம்.

"கீட்டோன் பார்த்தியா?"

"பார்த்தேன் சார். ரிங் வரல."

"நல்லா பார்த்தியா?"

"என் சீட்டு போற விஷயம் சார். நல்லாத்தான் பார்த்தேன்."

நிம்மதியாக இருந்தது. இருந்ததை அவன் கவனித்தான். சஹானா போனபின் எது வந்தாலும் வரட்டும் என்றுதான் இருந்தான், அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது ஒரு வளையம் வரவில்லை என்பதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டிருந்தான். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"எங்கே சார் போறீங்க?" என்றாள் லவினா. "பிளட் கலெக்‌ஷன் இந்தப் பக்கம்."

அவன் திரும்பி அந்தப் பக்கம் நடந்தான்.