உடைய வேண்டிய போல்ட்

வேலி போடுகிறவர்கள் வட்டாரத்தில் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர். மேஸ்திரியம்மா என்று நீட்டிப் பார்த்தவர்களை அவள் ஒரு பார்வை பார்த்தாள், அதோடு நீட்டுவதை விட்டுவிட்டார்கள். புருஷன் டிராக்டர் ஓட்டுவான். அண்ணன் கூடமாட நிற்பான். அளவு எடுப்பது, குழி விழவேண்டிய இடத்தில் சுண்ணாம்புப் பொடி வைப்பது, கடைக்குப் போவது, ஆட்களைத் திட்டுவது எல்லாம் அவள். ஆட்கள் என்றால் அந்த இரண்டு பேர்தான்.

கெட்டவள் இல்லை. இரண்டு பேருக்கும் சாப்பாடு போடாமல் தான் ஒரு வாய் வைக்கமாட்டாள். ஆனால் அவள் வாங்கி வந்த சாமானைப் பற்றியோ எடுத்த முடிவைப் பற்றியோ யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போச்சு. போன மழைக்கு அவள் வாங்கி வந்த தார்ப்பாய் ஒழுகுகிறது என்று புருஷன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். நாலு நாள் வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. அதற்கப்புறம் தார்ப்பாய் ஒழுகினால் அவன் சத்தம் காட்டாமல் தள்ளிப் படுத்துக்கொள்வான்.

அன்றைக்கு ஒரு பல் டாக்டரின் தோட்டத்தில் வேலை. நூற்று அறுபது குழி. மறுநாள் காலையில் சிமெண்ட் கால்கள் லாரியில் வந்து இறங்கிவிடும். டிராக்டரின் பின்னால் குழி மெஷின். ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெரிய இரும்புத் திருகு, அதன் தலையில் கியர் பாக்ஸ். அதைத் தூக்கிப் பிடிக்க டிராக்டரிலிருந்து ஓர் இரும்புக் கை வரும். அந்தக் கைக்கு அடியில் நீளமாக ஒரு ஷாஃப்ட் கிறுகிறுவென்று சுற்றி, டிராக்டரின் பலத்தைத் திருகுக்குக் கொண்டுபோகும்.

இந்த ஷாஃப்டும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் ஒரு போல்ட் உண்டு. விரல் தடிமன்தான். வேண்டுமென்றே மெத்தென்ற இரும்பில் செய்தது. திருகு பாறையிலோ வேரிலோ மாட்டி நின்றுவிட்டால், அந்த போல்ட் பட்டென்று உடைந்து மற்றதையெல்லாம் காப்பாற்றும். அது உடைவதற்கென்றே பிறந்தது. மேஸ்திரிக்கு இது தெரியாமல் இல்லை, ஆறு வருஷமாகத் தெரியும். ஆனால் பொழுது விடிந்து பத்து மணிக்குள் பதினோரு போல்ட் உடைந்தால், தெரிந்த புத்தியெல்லாம் எங்கே நிற்கும்?

பதினோராவது உடைந்ததும் அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அந்த போல்ட் தீர்ந்துவிட்டது என்றான் கடைக்காரன்.

"இதைக் கொண்டுபோங்க. இது ஏழு ஜென்மத்துக்கும் உடையாது" என்று வேறொன்றை எடுத்து வைத்தான்.

அவளுக்கு அது தேன் குடித்த மாதிரி இருந்தது. வாங்கி வந்து புருஷன் கையில் வைத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மச்சானிடம் காட்டினான். மச்சானும் பார்த்தான். இரண்டு பேரும் ஒரு நிமிஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆகா, சரக்கைப் பார்த்து அசந்துவிட்டார்கள் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

"என்ன, நல்லாயிருக்கா?"

"ம்" என்றான் புருஷன். மாட்டினான்.

அண்ணன் கோணிச் சாக்கை மடித்து இரும்புக் கையின்மேல் போட்டு ஏறி உட்கார்ந்தான். இது மேஸ்திரி கண்டுபிடித்த வழி. அவன் தொண்ணூற்றெட்டு கிலோ. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டாந்தரையில் திருகு இறங்காமல் சறுக்கியபோது, "சும்மா மரம் மாதிரி நிக்கிறியே, மேல ஏறி உக்காரு, தானா இறங்கும்" என்றாள். இறங்கியது. அன்றிலிருந்து அதுவே அவன் உத்தியோகம். மெஷின் சுற்றும்போது பத்தடிக்குள் யாரும் வரக்கூடாது என்று டிராக்டரிலேயே படம் போட்டு ஒட்டியிருக்கிறது. படத்தைப் பார்த்தால் வேலை ஆகுமா என்பது அவள் கட்சி.

போல்ட் மாற்றியதும் வேலை பறந்தது. மதியத்துக்குள் எண்பது குழி. கல் தட்டியது, வேர் தட்டியது, டிராக்டர் முக்கியது, முனகியது, ஆனால் போல்ட் அசையவில்லை. மேஸ்திரிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இத்தனை நாளாக இது தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

தொண்ணூற்று மூன்றாவது குழிக்கு வந்தபோதுதான் பின்னால் திரும்பிப் பார்த்தாள். கடைசி ஆறு புள்ளியும் கோணலாகப் போயிருந்தது. அளவு கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவன் அண்ணன். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணா! இறங்கி வா இங்க!"

"இந்தக் குழி முடியட்டும்மா."

"நீ வர்றியா, நான் வரட்டுமா?"

அவன் இறங்கினான். அவன் இறங்க வசதியாகப் புருஷன் திருகை நிறுத்தினான். அவன் தள்ளிப் போனதும், நீங்க ஓட்டுங்க என்று அவள் கையைக் காட்டவே, திருகு மறுபடி சுற்றத் தொடங்கியது. அவள் அண்ணனைப் பதினைந்தடி தள்ளி நிறுத்திவைத்துக் காய்ச்சினாள். கயிற்றைப் பிடிக்கச் சொன்னால் காக்காய் பிடிக்கிறாயா, கண் பொட்டையா, தோட்டக்காரர் கேட்டால் பாம்பு நெளிந்துபோன வழி என்று சொல்லவா என்றெல்லாம் வந்துகொண்டே இருந்தது. அவன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு நின்றான்.

திருகு மண்ணுக்குள் எதையோ கவ்வியது. வெட்டிப்போட்ட பழைய மரத்தின் அடிவேராக இருக்கும். டிராக்டரின் முன்சக்கரம் ஒரு சாண் மேலே எழுந்தது. போல்ட் உடைந்திருக்கவேண்டிய நேரம் அது. உடையவில்லை. அதற்குப் பதில் ஷாஃப்டின் ஜாயின்ட் தெறித்தது. ஒரு முனை கழன்ற ஷாஃப்ட், மறுமுனையில் தொங்கிக்கொண்டே வெறிபிடித்துச் சுற்றி, மேலே இருந்த இரும்புக் கையை அடியிலிருந்து அறைந்தது. டம் டம் டம் என்று நாலைந்து அடி. புருஷன் லீவரைத் தட்டி எஞ்ஜினை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சத்தம் நின்றது. பிறகு மேஸ்திரிதான் நடந்து போய்ப் பார்த்தாள்.

கோணிச் சாக்கு இரண்டாகக் கிழிந்து சக்கரத்தடியில் கிடந்தது. அது இருந்த இடத்தில் இரும்புக் கை உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கியிருந்தது. அந்த இடத்தின் இரண்டு பக்கமும்தான் அண்ணன் தன் கால்களைத் தொங்கவிட்டு உட்காருவான். அன்றைக்கு அவன் கால்களைக் காப்பாற்றியது அவளுடைய வாய்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

குனிந்து போல்ட்டைப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லாமல் புதுசாக இருந்தது.

"இது கெட்டி போல்ட்" என்றாள். "நான்தான் வாங்கிட்டு வந்தேன். எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சு. மாட்டினது நீங்க. உங்களுக்குமா தெரியலை?"

புருஷன் டிராக்டரிலிருந்து இறங்கவே இல்லை. "தெரிஞ்சுது" என்றான்.

"எப்போ?"

"நீ கையில குடுத்தப்பவே. கெட்டி இரும்புன்னு தலையில குறி இருந்துச்சு."

"தெரிஞ்சுமா எங்க அண்ணனை மேல உக்கார வெச்சீங்க? பாவி மனுஷா, அவன் கால் போயிருக்குமே!"

"அவரை ஏம்மா திட்றே?" என்றான் அண்ணன். "எங்கிட்டயும் காட்டினாரு. எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா ஏறி உக்காந்தே?"

"பின்ன என்ன பண்றது? மாட்டும்போது, யாரு உங்கிட்ட சொல்றதுன்னு ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிட்டோம். நீங்க சொல்லுங்க மாப்பிள்ளைன்னு நான், நீங்க சொல்லுங்க மச்சான்னு அவரு. நீயே ஆசையா வாங்கிட்டு வந்திருக்கே. அப்புறம் நாலு நாள் யாரு படறது? சரி, இன்னிக்கு ஒரு நாள்தானே, ஓடிடும்னு விட்டுட்டோம்."

குழியோர மண்ணில் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தன் வாய்க்குப் பயந்து ஓர் ஆள் காலைக் கொடுக்கத் துணிந்திருக்கிறான், இன்னோர் ஆள் அதை வேடிக்கை பார்க்கத் துணிந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அடக்கிக்கொண்டாள்.

இரண்டு ஆண்களும் திட்டு வரும் என்று காத்திருந்தார்கள். வராமல் போகவே இன்னும் பயந்துபோனார்கள்.

"வேற என்ன எங்கிட்ட சொல்லாம வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லையே" என்றான் புருஷன்.

"சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

புருஷன் மெதுவாக இறங்கி வந்தான். "திருகோட நுனியில மண்ணை வெட்டுற பல்லு தேஞ்சுபோச்சு, ஆறு மாசமாச்சு. அதான் இறங்க மாட்டேங்குது. புதுப் பல்லு போட்டா யாரும் மேல உக்கார வேண்டாம்."

"அப்புறம்?"

"முந்தின நாளே புள்ளிக்குப் புள்ளி ரெண்டு குடம் தண்ணி ஊத்தி ஊற வெச்சா மண்ணு இளகிடும். ஒரேயடியா இறக்காம, சாண் சாணா இறக்கித் தூக்கி, மண்ணை உதறிட்டு மறுபடி இறக்கணும். நீ சீக்கிரம் சீக்கிரம்னு நின்னா எங்கே தூக்கறது?"

"அப்புறம்?"

"ஷாஃப்ட் மேல ஒரு மூடி இருந்துச்சே, அது உடைஞ்சதும் நீ கழட்டிப் போடச் சொன்னே. அது இருக்கணும். துணி மாட்டினா ஆளையே இழுத்துக்கும்." சொல்லச் சொல்ல அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "தார்ப்பாய் ஒழுகுது."

அண்ணன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

"நீ சொல்லு அண்ணா."

"எனக்கென்ன, ஒண்ணுமில்லை."

"சொல்லுண்ணா."

அவன் கிழிந்த சாக்கை எடுத்து மடிக்கப் பார்த்தான், மடிக்க வரவில்லை. கீழே போட்டான்.

"மேல உக்கார எனக்கு பயம்மா" என்றான்.

"எப்போலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்தே. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுதான் உக்காருவேன்."

இரண்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கான குழி. அத்தனைக்கும் அவள் பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தாள். அவன் கண் மூடியிருந்ததை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.